பத்தாம் எண் கர்லூ

ஸ்கெல்பெக், யார்க்‌ஷயர்
20 பிப்ரவரி 1979

வில்ஃப்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வருடமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆர்னால்டின் அடக்கத்துக்கு நீங்கள் அனுப்பிய மலர்வளையத்தை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னதும் நான்தான். அதற்காக மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை.

டிரையல்ஸ் கிளப்பின் செய்தி இதழ்க்காரர் வந்திருந்தார். நீங்களும் என் கணவரும் சேர்ந்து கட்டிய கர்லூ மோட்டார் சைக்கிளைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். "மொத்தமே பத்து வண்டிதான் வந்துச்சு, ஆனா இன்னும் அதப் பத்திப் பேசுறாங்க மிஸஸ் ஆக்ராய்ட்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் இரண்டு பேரின் எண்ணெய்ச் சட்டைகளைத் துவைத்தது மட்டுமே. சட்டகத்தை ஏன் அப்படி வளைத்தார், இன்ஜினை ஏன் தொங்கவிட்டார் என்று சொல்ல ஆர்னால்ட் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்தால் நான் சேர்த்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம். மாரியன் ஒரு கர்லூ வாங்கிவிட்டாள். கம்பர்லண்டில் ஒரு தானியக் கிடங்கில் வைக்கோலுக்கு அடியில் பத்து வருடமாகக் கிடந்ததாம். எண் பத்து, கடைசி வண்டி. அப்பாவின் வண்டியை ஓட்டிக்கொண்டு ஈஸ்டர் திங்கள் பந்தயத்தில் இறங்கப் போகிறாள். இருபத்தொன்பது வயதில் இது தேவையா என்று கேட்டால் சிரிக்கிறாள். வண்டி நன்றாக இருக்கிறதாம். பாறையிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம், கழுவித் துடைத்தாலும் மறுநாள் ஸ்டியரிங் தண்டின் அடியில் பழுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான் குறை. மாரியனுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள், அவளும் படிப்பாள்.

நோரா ஆக்ராய்ட்


ஸ்ட்ராம்னஸ், ஆர்க்னி
1 மார்ச் 1979

நோரா,

அடுப்பில் போடவில்லை. இங்கே மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களைப் பழுதுபார்த்துக் காலம் தள்ளுகிறேன். ஒரு மனிதனிடம் அவன் கட்டிய வண்டியைப் பற்றிக் கேட்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, கேட்டது நீங்கள் என்றாலும்.

இதழுக்கு இப்படி எழுதுங்கள். டிரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஓடையும் பாறையும் சேறுமான வழியில் கால் தரையில் படாமல் ஏறி வர வேண்டும், கால் ஊன்றினால் புள்ளி போகும். ஆகவே மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போனாலும் அணைந்துவிடாத இன்ஜின் வேண்டும். அதற்காகத்தான் சுழல்சக்கரத்தை மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு கனமாக வார்த்தேன். ஆர்னால்ட் இன்ஜினுக்குக் கீழே குழாயே வைக்காமல், மேலிருந்து தொங்கவிட்டார். பாறையில் அடிவயிறு தட்டாது. பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்குழாயை எண்ணெய்த் தொட்டியாக்கி, அதிலிருந்து சங்கிலிக்குச் சொட்டுச் சொட்டாக விழ வைத்ததும் அவர்தான். அப்போது நான் கேலி செய்தேன். இப்போது சொல்கிறேன், அழகான வேலை. கைப்பிடியையும் முன்சக்கரத்தையும் சேர்க்கிற ஸ்டியரிங் தண்டு என்னுடையது: உள்ளே துளையிட்டு, கடினப்படுத்திய எஃகு. முக்கால் பவுண்டு எடை மிச்சம்.

இவ்வளவு எழுதிவிட்டுத் தேநீர் போட எழுந்தேன். திரும்பி வந்து உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். எண் பத்து என்றா எழுதியிருக்கிறீர்கள்?

மாரியன் அந்த வண்டியில் ஏறக் கூடாது. வீட்டு முற்றத்தில்கூட ஓட்டக் கூடாது. அந்தப் பழுப்புக் கோடு அழுக்கில்லை. துடைத்த பிறகு திரும்பி வருகிற கோடு எதுவும் அழுக்கில்லை. கென் ஸ்டாட் ஓட்டிச் செத்தது எண் ஒன்பது. அதுவும் இதுவும் ஒரே நாளில் வந்த தண்டுகள்.

வில்ஃப் சக்டன்


ஸ்கெல்பெக்
9 மார்ச் 1979

மிஸ்டர் சக்டன்,

உங்களிடம் கேட்டது வண்டியின் கதை. வந்தது பழைய விஷம்.

மரண விசாரணையில் நீங்கள் எழுந்து நின்று சொன்னது எனக்கு மனப்பாடம். தண்டில் குறையில்லை, ஆக்ராய்ட் பற்றவைத்த இணைப்பில்தான் குறை இருந்திருக்க வேண்டும் என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தோடு பட்டறை மூடியது. ஆர்னால்ட் அதன்பிறகு எட்டு வருடம் உயிரோடு இருந்தார். எட்டு வருடமும் என்ன செய்தார் தெரியுமா? விற்காமல் நின்ற எட்டாம் எண் வண்டியின் சட்டகத்தை இணைப்பு இணைப்பாக அறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து, "இங்க ஒண்ணும் இல்லையே நோரா, இங்கயும் நல்லாத்தானே பிடிச்சிருக்கு" என்பார். இறந்த வாரம் கூட அறுத்தார். இப்போது அவர் மகளும் அவர் வண்டியை ஓட்டக் கூடாதாம்.

மாரியனிடம் உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, சாரத்தைச் சொன்னேன். "வில்ஃப் மாமாவுக்கு அப்பா செஞ்சது எதுவுமே பிடிக்காது, அத விடும்மா" என்றாள். நேற்று ஆற்றங்கரைப் பாறைகளில் நான்கு மணி நேரம் பழகிவிட்டு வந்தாள். ஒரு கீறல் இல்லை.

தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டது நீங்கள்தான் என்று தெரியும். குரலைக் கேட்டுத்தான் வைத்தேன்.

நோரா ஆக்ராய்ட்


ஸ்ட்ராம்னஸ்
16 மார்ச் 1979

நோரா,

திட்டுங்கள். ஆனால் இதைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் ஆர்னால்டின் இணைப்பைப் பற்றிப் பேசவில்லை. என் தண்டைப் பற்றிப் பேசுகிறேன். கடினமான எஃகுக்கு முலாம் பூசும்போது அமிலத் தொட்டியிலிருந்து ஒரு வாயு எஃகுக்குள் புகுந்துகொள்ளும். அன்றைக்கே சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே இருந்து எஃகைக் கெடுக்கும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ஒரு வாரமும் தாங்கும், பத்து வருடமும் தாங்கும், பிறகு சர்க்கரைக் கட்டி மாதிரி உடையும். வளையாது. முன்னறிவிப்பும் தராது.

அதற்காகத்தான் உங்கள் சமையலறை அடுப்பு. சூட்டு முள்ளை ஆறில் வைத்து எட்டு மணி நேரம். முதல் ஏழு வண்டியின் தண்டுகளும் அதில்தான் வெந்தன, ஏழும் இன்றுவரை ஓடுகின்றன. எட்டு, ஒன்பது, பத்தின் தண்டுகள் முலாம் பட்டறையிலிருந்து வந்தது 1966 நவம்பர் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. நானும் ஆர்னால்டும் அவற்றை உங்கள் மேசையில் வைத்துவிட்டு இன்ஜின் வார்ப்புகளை எடுக்க பிராட்ஃபோர்டுக்குப் போனோம். மாலை ஏழு மணிக்குத் திரும்பி வந்தோம். வீட்டில் இருந்தது நீங்கள் மட்டுமே.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்கிறேன். எட்டு மணி நேரமும் அவை அடுப்பில் இருந்தனவா?

மாரியனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். முன்ஃபோர்க்கை இறக்கி, தண்டின் அடியை மண்ணெண்ணெயால் துடைத்து, துணியால் நன்றாக உலர்த்தி, அதன்மேல் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவச் சொல்லுங்கள். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து வெள்ளையில் கோடு போடும். கோடு விழவில்லை என்றால் நான் கிழட்டுப் பைத்தியம் என்று இதழில் போட்டுக்கொள்ளுங்கள்.

வில்ஃப்


ஸ்கெல்பெக்
24 மார்ச் 1979

அடுப்பில் இருந்தன. எட்டு மணி நேரம்.

இனி எழுத வேண்டாம்.

நோ. ஆ.


ஸ்ட்ராம்னஸ்
31 மார்ச் 1979

நோரா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நீங்கள் சொன்னதை நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் என் பக்கத்தில் இருக்கிற அழுக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டறையின் வேலைத்தாளில் அந்த மூன்று தண்டுகளுக்கும் எதிரே "எட்டு மணி நேரம் சூடேற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். பார்த்தா போட்டேன்? அன்று மாலை வந்ததும் அடுப்பின் மேல் கிடந்தவற்றைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தன. "நல்ல பொண்ணு" என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதே தாளைக் காட்டித்தான் விசாரணையில் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

உடைந்த தண்டின் முகத்தை அன்றைக்கே பார்த்தேன், நோரா. சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று பொடிப்பொடியாக இருந்தது. அது எதனுடைய அடையாளம் என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தை நானே பொய்யென்று சொல்லத் தைரியம் இல்லாததால் ஆர்னால்டின் கையைக் காட்டினேன். என் கூட்டாளியின் கையை. யார்க்‌ஷயரை விட்டு ஓடி வந்தது உங்கள் கோபத்துக்குப் பயந்து என்று நினைத்திருப்பீர்கள். அந்த மினுமினுப்புக்குப் பயந்துதான் ஓடினேன்.

கென் ஸ்டாட் அந்தக் கல்படிகளில் இறங்கியது ஓடுகிற வேகத்தில்கூட இல்லை. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நாம் எல்லோரும் அப்போது தலையில் போட்டிருந்தது துணித்தொப்பிதானே. அதற்குமேல் எழுத முடியவில்லை.

ஈஸ்டர் திங்களுக்குப் பதினாறு நாள் இருக்கிறது. சுண்ணாம்பு தூவச் சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சுகிறேன்.

வில்ஃப்


ஸ்கெல்பெக்
12 ஏப்ரல் 1979, பெரிய வியாழன்

வில்ஃப்,

உங்கள் கடிதம் ஒரு வாரமாக என் ஏப்ரன் பையில் கிடந்தது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் இடுப்பில் குத்தியது.

அந்த வியாழக்கிழமை அடுப்பு எனக்கு வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் இரண்டு பேரும் கேட்கவே இல்லை. சனிக்கிழமை நவம்பர் ஐந்து, ஊரே நெருப்பு வளர்க்கும் தீமூட்டு நாள், சேப்பலில் எண்பது பேருக்கு இஞ்சி பார்க்கின் கேக். இரண்டு நாளாவது ஊறினால்தான் பார்க்கின் பார்க்கினாக இருக்கும், ஆகவே வியாழனே சுட வேண்டும். முள் மூன்றில் வைக்க வேண்டும், ஆறில் வைத்தால் கருகிவிடும். இரண்டும் ஒரே அடுப்பில் சேராது. "இரும்பு முக்கியமா கேக் முக்கியமா" என்று ஆர்னால்ட் சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் சமையலறையில் எனக்கு ஒரு நாள் கூட இல்லையா என்று இருந்தது.

தண்டுகளை நான் அடுப்பில் வைக்கவே இல்லை. நாள் முழுக்க அவை ஜன்னலோரத்தில் கிடந்தன. லாரி சத்தம் கேட்பதற்கு இருபது நிமிடத்துக்கு முன்னால் உள்ளே தள்ளி, சூடாக்கி, அடுப்பின் மேல் எடுத்து வைத்தேன். நீங்கள் தொட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும். சண்டை வேண்டாம் என்றுதான் செய்தேன். இரும்பை ஒரு நாள் சுடாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் இருவரும் ஒரு நாளும் எனக்குக் காரணம் சொன்னதில்லை. வேக வை என்றீர்கள், அவ்வளவுதான்.

கென் செத்த அன்று எனக்குத் தெரியாது. விசாரணையில் நீங்கள் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினீர்களே, அப்போது தெரிந்துவிட்டது. நான் ஆர்னால்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கை என் கையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. எட்டு வருடம் அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொன்னேனே தவிர, இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பயம். அந்தப் பயத்துக்காக அவரைச் சாகவிட்டேன்.

இன்று காலை மாரியன் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகைக்குப் போய் ஃபோர்க்கை இறக்கினாள். சுண்ணாம்பைத் தூவிவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். கால் மணி நேரம் ஆகவில்லை, வெள்ளையில் பாதிச் சுற்றுக்கு மேல் கோடு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பாகிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். மதியமே லீட்ஸுக்குத் தன் அறைக்குக் கிளம்பிவிட்டாள்.

தண்டைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம்.

நோரா


ஸ்ட்ராம்னஸ்
24 ஏப்ரல் 1979

நோரா,

ஆறுதல் சொல்லவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

படகுப் பட்டறையின் அழுத்து இயந்திரத்தில் வைத்தேன். அது தாங்க வேண்டிய பாரத்தில் கால் பங்கைக்கூட ஏற்றவில்லை, உடைந்துவிட்டது. பக்கத்து மேசையில் வேலை செய்பவர் கண்ணாடி விழுந்தது என்று திரும்பிப் பார்த்தார். உடைந்த முகத்தில் முக்கால் பாகம் பழைய துரு, மீதியெல்லாம் அதே மினுமினுப்பு. ஒரு நாள் பந்தயத்தில் முப்பது தடை இடங்களைக் கடக்க வேண்டும். மாரியன் ஐந்து தாண்டியிருப்பாள், ஆறு தாண்டியிருக்க மாட்டாள். படித்துவிட்டு அவளுக்கும் இதை அனுப்புங்கள், அவள் உங்களோடு பேசாவிட்டாலும்.

மரண விசாரணை அதிகாரிக்கு எழுதிவிட்டேன். கையெழுத்து என்னுடையது, சத்தியம் என்னுடையது, ஆக்ராய்டின் இணைப்பில் குறை எதுவும் இல்லை என்று மூன்று தாள் எழுதினேன். உங்கள் பெயரை எழுதவில்லை. அடுப்பைப் பற்றி நீங்கள் சொல்கிறீர்களா, சொல்லாமல் விடுகிறீர்களா என்பது உங்கள் பாடு. என்னிடம் காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத நினைத்தேன். பிறகு யோசித்தேன், சொல்லியிருக்க மாட்டேன். சமையலறையில் இருப்பவர்களுக்குக் காரணம் எதற்கு என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பேன்.

கென்னின் மனைவி ஈனிட் ஸ்கிப்டனில்தான் இருக்கிறாராம். அவருக்கு எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். பேரைத் தாண்டிப் பேனா போகவில்லை.

வில்ஃப்


ஸ்கெல்பெக்
3 மே 1979

வில்ஃப்,

நீங்கள் எழுத வேண்டாம். நேற்று நானே ஸ்கிப்டன் போய் வந்தேன்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் சின்ன வீடு. ஈனிட் கதவைத் திறந்தார், என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், உள்ளே விட்டார். தேநீர் போட்டார். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அடுப்பு, கேக், இருபது நிமிடம், உங்கள் கையெழுத்து, ஆர்னால்டின் ரம்பம், மாரியனின் வண்டி, சுண்ணாம்புக் கோடு. எதையும் விடவில்லை. அழவும் இல்லை, அழுகிற உரிமை எனக்கு இல்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "அன்னிக்குக் காலைல நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டோம். ஒண்ணுமில்லாத விஷயம். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன், அவர் அப்படியே கிளம்பிட்டார். அந்த நெனப்புலதான் வண்டிய விட்டுட்டார்னு பன்னெண்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

"உங்க மேல தப்பே இல்ல ஈனிட்" என்றேன்.

"தெரியுது. இப்பத்தான் தெரியுது."

நான் எழுந்தேன். அவரும் எழுந்து கதவுவரை வந்தார். கைகொடுப்பாரோ என்று ஒரு நொடி நினைத்தேன், வில்ஃப், அவ்வளவு முட்டாள் நான்.

"உங்க பொண்ணு நல்லாருக்காளா?" என்று கேட்டார்.

"நல்லாருக்கா."

"ஆமா" என்றார். "அவ நல்லாருக்கான்னு தெரிஞ்சப்புறம்தான் என் வீட்டுக்கு வந்திருக்கீங்க."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது, நிறுத்தத்தில் நின்றேன்.

நோரா